கையால் முறுக்கி விட்ட நட்டு

அந்த ஜீப்பின் ஸ்டியரிங்கைக் கால் வட்டம் திருப்பிய பிறகுதான் முன் சக்கரத்துக்குச் சேதி போகும். அதுவரை வண்டி தன் பாட்டுக்குப் போகும், அத்தான் தன் பாட்டுக்குத் திருப்பிக்கொண்டிருப்பார். இருவருக்கும் நடுவே ஒரு வெறும் இடம். அதை அவர் மனசுக்குள் அளந்து வைத்திருந்தார். வளைவு வருமுன்பே திருப்பத் தொடங்கி, வளைவு முடியுமுன்பே விட்டுவிடுவார். பார்க்கிறவனுக்கு, இந்த மனுஷன் கண்ணுக்குத் தெரியாத வேறொரு ரோட்டில் ஓட்டுகிறார் என்று தோன்றும்.

இப்போது பவர் ஸ்டியரிங் என்கிறார்கள். சுண்டு விரல் பட்டால் லாரி திரும்புகிறது. அன்றைக்குப் பவரெல்லாம் அத்தானின் தோளில் இருந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். அறுபதுகளின் தொடக்கத்தில் தாராவியில் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் தோல் கிடங்குகளில் முதுகை வளைத்துக்கொண்டிருந்தார்கள். மில்லுக்குப் போனவர்கள் சிலர், முறுக்குத் தட்டோடு தெருவுக்குப் போனவர்கள் சிலர். நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கிற வேலை எங்கள் சந்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. காக்கிச் சட்டையின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவர் உள்ளே வரும்போது, 'ஜீப்புக்காரர் வாராரு, வழி விடுங்க' என்று குழாயடியில் பெண்கள் கேலி பேசுவார்கள். அக்கா காதில் விழாத மாதிரி அரிசி களைவாள். காதில் விழத்தான் அந்த நேரம் பார்த்து அரிசி களைவாள்.

நான் குர்லாவில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில் வொர்க்ஷாப் போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. உள்ளே ஒரு வண்டி நிற்கலாம். இரண்டாவது வண்டி வந்தால் வெயிலிலோ மழையிலோ நிற்க வேண்டியதுதான். இரண்டாவது வண்டி அதிகம் வரவில்லை.

அந்த ஜீப் யுத்தத்துக்கு வந்தது. பட்டாளம் கழித்துவிட்ட பிறகு கை மாறி மாறி, கடைசியில் மாட்டுங்காவில் ஒரு கான்டிராக்டரிடம் வந்து சேர்ந்தது. பாலக்காட்டிலிருந்து வந்து அங்கேயே வேரூன்றிய குடும்பம் அவருடையது. செம்பூரில் குன்றுகளை வெட்டி, பள்ளத்தை நிரவி, காலனி கட்டுவதற்கு நிலம் திருத்திக் கொடுப்பது அவர் தொழில். லாரி ஏற மறுக்கிற சரிவிலெல்லாம் அந்த ஜீப் ஏறும். ஒரே சங்கடம், அயல்நாட்டு வண்டியானதால் ஸ்டியரிங் இடது பக்கம். வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால், வலப்புறம் உட்கார்ந்திருக்கிற கான்டிராக்டர்தான் கையை வெளியே நீட்டிச் சிக்னல் காட்ட வேண்டும். வேட்டியும் கோட்டுமாக, நெற்றியில் சந்தனத்தோடு, அவர் கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றும்போது கையை நீட்டிக்கொண்டே வருவதைப் பார்த்துக் காப்பிக் கடை வாசலில் நிற்பவர்கள் பதிலுக்குக் கையாட்டுவார்களாம்.

அவர் என்னிடம் வந்து பொருமுவார். "உன் அத்தான் வண்டி ஓட்டறானா, கோலம் போடறானா? இந்தப் பக்கம் ஒரு வளைவு, அந்தப் பக்கம் ஒரு வளைவு. அதுக்கு நான் கை வேற காட்டணும்."

குற்றம் அத்தானுடையது அல்ல. ஸ்டியரிங் தண்டின் கீழ்முனையில், சட்டத்தோடு பூட்டிய ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. அதற்குள் தண்டின் நுனியில் திருகாணி போல மரை. மரைக்குள் ஓடுகிற ஒரு முளை. நாம் வட்டமாகத் திருப்புவதை அந்த முளை முன்னும் பின்னுமான அசைவாக மாற்றி, பெட்டிக்கு வெளியே தொங்குகிற ஓர் இரும்புக் கையிடம் கொடுக்கும். அந்தக் கை தள்ளினால் சக்கரம் ஒரு பக்கம், இழுத்தால் மறு பக்கம். அவ்வளவுதான் ஸ்டியரிங். நாளாக ஆக மரை தேயும். எல்லா இடத்திலும் தேயாது, நடுவில்தான் தேயும், ஏனென்றால் எந்த வண்டியும் பாதி ஆயுளுக்கு மேல் நேராகத்தான் போகிறது. நடுத் தேய்மானத்தைச் சரிக்கட்ட மேலே உள்ள திருகை இறுக்கினால், தேயாத ஓரங்களில் போய் முளை கவ்விக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டியரிங் திரும்பி வராது. நான் இறுக்குவேன். அத்தான் ஒரு சுற்றுப் போய்வந்து, சிக்குது மாப்ள என்பார். தளர்த்துவேன். ஆடுது மாப்ள என்பார். ஆறேழு மாதம் இப்படியே ஓடியது.

அப்புறம் மாஹிம் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர் ஜீப்பை மறித்து, அத்தானை இறங்கச் சொல்லி, வாயை ஊதச் சொன்னார். பம்பாயில் மதுவிலக்கு இருந்த காலம் அது. அத்தான் ஆயுளில் குடித்ததெல்லாம் கருப்பட்டிக் காப்பி. போலீஸ்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, குடிக்காமலா இப்படி ஓட்டுகிறாய் என்று இன்னும் சந்தேகமாகப் பார்த்தாராம். அத்தான் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் கான்டிராக்டர் காதுக்கும் அது போய்விட்டது. விஜயதசமி அன்று செம்பூரில் ஒரு புது இடத்துக்குப் பூமி பூஜை. மனைவியோடு ஜீப்பில் போகப்போகிறார். அதற்குள் ஸ்டியரிங் பெட்டியையே மாற்றிவிடு என்று என்னிடம் சொன்னார். அத்தானிடம் சொன்னது வேறு. அன்னைக்கு வண்டி நேரா வரணும், இல்லேன்னா அன்னைக்கே வேற ஆள்.

அத்தானுக்கு வேறு தொழில் தெரியாது என்பதில்லை. எந்தக் கிடங்கிலும் சுமை தூக்கலாம். ஆனால் அந்த இருக்கையில் உட்கார்ந்துதான் அவர் அவராக இருந்தார். அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்று இன்றைக்கு நான் சொல்ல முடியாது.

பெட்டிக்கு அலைந்தேன். இங்கே செய்கிற புது ஜீப்புகள் எல்லாம் வலது கைப் பக்கம், அந்தப் பெட்டி இதில் உட்காராது. குர்லாவிலேயே ஒரு பழைய இரும்புக் கிடங்கில், உடம்பெல்லாம் போய்ச் சட்டம் மட்டும் கிடந்த ஒரு பட்டாளத்து ஜீப்பைக் கண்டுபிடித்தேன். அதன் என்ஜின் இருந்த இடத்தில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. கோழிக்குத் தொந்தரவில்லாமல் பெட்டியைக் கழற்றித் திறந்து, விரலை விட்டுத் தடவினேன். நடு மரை கூர்மையாக, சதையைக் கிள்ளுகிற மாதிரி இருந்தது. அதிக தூரம் ஓடாமலே நின்றுபோன வண்டி.

அஷ்டமி அன்று வேலையைத் தொடங்கினோம். அத்தானும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூட நின்றார். ஸ்டியரிங் வட்டு கையோடு வரவில்லை, இழுக்கிற கருவி போட்டுக் கழற்றினோம். தண்டுக்குள் ஓடும் ஹாரன் கம்பியை உருவினோம். தொங்குகிற இரும்புக் கை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. இருபது வருஷத் துரு. தீ காட்டி, சுத்தியலால் அடித்து, மறுபடி தீ காட்டி. அத்தான் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒங்க அக்கா கூட என்னை இப்பிடிப் பிடிச்சுக்கிட்டு இருக்க மாட்டா என்றார். கடைசியில் அது விட்டபோது இருவரும் சேர்ந்து பின்னால் விழுந்தோம். விழுந்த இடத்திலேயே கிடந்து சிரித்தோம். என் வாழ்க்கையில் அத்தானோடு அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி.

நவமி காலையில் புதுப் பெட்டியைச் சட்டத்தில் பூட்டி, தண்டைத் தரைத் துவாரம் வழியாக இறக்கி, கெட்டி எண்ணெய் ஊற்றி, வட்டைப் போட்டேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியில் நிறுத்தி, சக்கரங்களை நேராக்கி வைத்தேன். இனி இரும்புக் கையை மாட்டினால் தீர்ந்தது. ஜீப்புக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

அப்போது அக்கா வந்தாள். பித்தளைப் போகணியில் தண்ணீர், மஞ்சள், சந்தனம், பொரிகடலை, வாழையிலை. நவமி அன்று ஆயுத பூஜை. கருவிகளைக் கழுவிப் பொட்டிட்டு இலையில் வைத்துக் கும்பிட்டால், மறுநாள் தசமி காலையில் திரும்பவும் சூடம் காட்டிய பிறகுதான் எடுக்க வேண்டும். இடையில் தொடக்கூடாது. தொழில் செய்கிறவர்கள் எல்லோருக்கும் அது சட்டம், எங்களுக்குச் சட்டத்துக்கும் மேலே. இரண்டு வருஷத்துக்கு முன், வேறொருவரிடம் வேலை பார்த்தபோது, பூஜைக்கு வைத்த உளியை அவசரத்துக்கு எடுத்துவிட்டேன். அந்த மாதமே ஜாக்கி சரிந்து என் கால் விரல் நசுங்கியது. அக்கா என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்து, இனி எடுக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

ராகு காலம் வருவதற்குள் முடித்துவிட வேண்டுமென்று அவள் பரபரத்தாள். நான் அடியில் கிடந்தபோது அவள் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவிக்கொண்டிருந்தது சத்தத்தில் தெரிந்தது. இரும்புக் கையைப் பெட்டி முளையின் பற்களில் ஏற்றி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, வாஷரைப் போட்டு, நட்டை விரலால் முறுக்கினேன். விரலுக்கு எட்டும் மட்டும் போய் நின்றது. பெரிய பானாவுக்காகக் கையை நீட்டினேன். ஸ்பானரைப் பம்பாயில் பானா என்போம். அந்த நட்டுக்குப் பொருந்துகிற அளவில் என்னிடம் இருந்தது அது ஒன்றுதான். நீட்டிய கை தரையைத் துழாவியது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். இலையின் நடுவே, எல்லாவற்றுக்கும் பெரியதாக, மூன்று சந்தனப் பொட்டும் குங்குமமுமாக அது படுத்திருந்தது. அக்கா சூடத்தை ஏற்றிவிட்டாள்.

அத்தான் குனிந்து கேட்டார். "முடிஞ்சிட்டா மாப்ள?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அத்தான் யோசிக்காமல் பானாவை எடுத்து என் கையில் கொடுத்திருப்பார். அவருக்குச் சாமியும் தேவைதான், ஜீப்பும் தேவைதான், இரண்டில் ஜீப் அவசரம். அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். இருவருக்கும் நடுவே நான் அடியில் கிடந்தேன், மூக்குக்கு மேலே ஒரு நட்டு. நாளைக்குக் காலையில் முதல் வேலையாக முறுக்கிவிடலாம், அரை நிமிஷ வேலை.

"முடிஞ்சிட்டு அத்தான்."

நான் வரும்வரை வண்டியை எடுக்காதீங்க என்று ஒரு சொல் சேர்த்திருக்கலாம். சேர்த்தால் ஏன் என்று கேட்பார். கேட்டால் முதலில் சொன்னது பொய் என்றாகும். அந்தச் சின்னக் கூச்சத்துக்காகச் சும்மா இருந்துவிட்டேன். வெளியே வந்து, கையைத் துடைத்து, திருநீறு பூசி, பொரி தின்றேன். அக்கா முகம் நிறைந்திருந்தது.

தசமி அன்று ஏழு மணி வாக்கில் வொர்க்ஷாப்புக்குப் போனால் கதவு திறந்து கிடந்தது. அத்தானிடம் ஒரு சாவி எப்போதும் உண்டு. ஜீப் நின்ற இடத்தில் நாலு சொட்டு எண்ணெய். குருவிகள் இலையிலிருந்த பொரியைக் கொத்திக்கொண்டிருந்தன. அத்தான் விடியும்போதே வந்து எடுத்துப் போயிருக்கிறார், மாட்டுங்காவில் பூ வாங்கிச் சாத்தி, முதலாளி வாசலில் மாலையோடு நிறுத்த வேண்டும் என்று. நான்தான் முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தேனே.

சூடம் காட்டவில்லை. குருவியை விரட்டினேன், பானாவை எடுத்தேன், பழைய பேப்பரில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

மாட்டுங்காவில் இறங்கி, கிங்ஸ் சர்க்கிளில் பூக்கடை போட்டிருந்த எங்கள் பக்கத்துக்காரரிடம் கேட்டேன். இப்பத்தான் போறாரு என்றார். ரெண்டு சரம் கேந்திப் பூ வாங்கினாராம். வண்டி இன்னைக்கு நூல் பிடிச்ச மாதிரி ஓடுது, என் மச்சினன் கை அப்பிடி, என்று சொல்லிவிட்டுப் போனாராம். கான்டிராக்டர் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்றுகூட இல்லை, கோலத்தின் மேல் டயர் தடம் மட்டும் இருந்தது. அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள்.

திரும்பவும் மாட்டுங்கா ஸ்டேஷன், திரும்பவும் குர்லா, அங்கே மாறி மான்குர்த் போகிற வண்டி. அன்று தசரா. புதுச் சட்டை போட்ட மராட்டிக்காரர்கள் ஒருவருக்கொருவர் மந்தார இலை போன்ற ஓர் இலையைக் கொடுத்து, பொன்னை வாங்கிக்கொள், பொன் போல இரு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் கையிலும் ஓர் இலையை வைத்துத் தோளைத் தட்டினார். அந்த இலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு கையில் இலை, கக்கத்தில் பானா, காலுக்கடியில் ரயில் தட்டுகிற ஒவ்வொரு தட்டுக்கும் எங்கேயோ ஒரு நட்டு ஒரு நூல் கழன்றுகொண்டிருந்தது.

செம்பூரில் இறங்கி, சரிவில் ஏறி நான் போய்ச் சேர்ந்தபோது, மழைத் தண்ணீர் போகிற பள்ளத்துக்குள் மூக்கைக் குத்திக்கொண்டு ஜீப் நின்றது. கேந்தி மாலை அறுந்து சேற்றில். கான்டிராக்டர் நெற்றியில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டிருந்தார், சந்தனத்துக்குக் கீழே ரத்தம். அவர் மனைவி ஒரு கல்லில் உட்கார்ந்து வீங்குகிற மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். மண் வெட்டுகிற ஆட்கள் சுற்றி நின்றார்கள். அத்தான் ஜீப்புக்கு அடியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார், சலவைக் காக்கி முழுக்கச் சேறு.

சரிவில் இறங்கும்போது ஸ்டியரிங் வட்டு மட்டும் சும்மா சுற்றியதாம், சக்கரம் திரும்பவில்லையாம். அத்தான் பிரேக்கை மிதிக்க, வண்டி பள்ளத்தில் இறங்கி நின்றிருக்கிறது. மறு பக்கம் போயிருந்தால் நாற்பதடி ஆழம்.

கான்டிராக்டர் என்னைப் பார்த்தார். "நேத்திக்குத்தானே புதுசு போட்டே? முடிச்சுத்தானே குடுத்தே?"

எல்லோரும் பார்த்தார்கள். என் மனசு அந்தக் கணத்தில் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டது என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. ஸ்டியரிங் நட்டை முறுக்காமல் விட்ட மெக்கானிக்கிடம் இந்தப் பம்பாயில் இனி எவனும் வண்டி விட மாட்டான். டிரைவருக்கு என்ன, ஒரு வண்டி போனால் இன்னொரு வண்டி.

"முடிச்சுத்தான் குடுத்தேன் சார்" என்றேன். அதோடு நின்றிருந்தால்கூட ஒரு மாதிரி. யாரும் கேட்காமல் இன்னும் ஒன்று சொன்னேன். "கல்லு மேல ஏத்தி இறக்கினா எந்த நட்டும் கழலும்."

அத்தான் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கக்கத்தைப் பார்த்தார். ஓடி வந்த வியர்வையில் பேப்பர் நைந்து, பானாவின் வாய் வெளியே தெரிந்தது, சந்தனப் பொட்டோடு. அப்புறம் கான்டிராக்டரிடம் திரும்பினார்.

"ஆமா சார். கல்லு மேல ஏறிட்டு. நான் பாக்கல."

சாவியைக் கொடுத்தார். சட்டையிலிருந்த சேற்றைத் தட்டிவிட்டுக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார். ஆட்கள் ஜீப்பைத் தூக்கி மேலே வைத்தார்கள். என் பானாவை வெளியே எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வேலை நடக்கிற இடத்தில் கிடந்த குழாய் ரெஞ்சு ஒன்றை வாங்கி, இரும்புக் கையைத் திரும்பப் பற்களில் ஏற்றி, கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்த நட்டை ரெஞ்சின் பொருந்தாத வாயால் கவ்விக் கவ்வி முறுக்கி, வாஷரின் காதை மடக்கிவிட்டேன். அது அப்புறம் கழலவே இல்லை.

அத்தான் அக்காவிடமும் கல் கதையைத்தான் சொன்னார். நான் கூடவே இருந்தேன். அவள் நம்பினாள், ஆனால் அவளுக்கு அது போதவில்லை. கல் ஏன் அந்த இடத்தில் வந்தது என்று அவளுக்கு ஒரு காரணம் வேண்டும். இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டாள். தசமி அன்று வண்டியை எடுக்கும்போது நாலு சக்கரத்துக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு எடுக்க வேண்டும். பழம் வாங்கி வைத்திருந்தாள். விடியற்காலையில் அத்தான் எழுந்து போனபோது அசந்து தூங்கிவிட்டாள். ஆக, தப்பு தன்னுடையது. அவர் மறுபடி ஒரு ஸ்டியரிங்கைப் பிடிக்கிற வரைக்கும் வெள்ளிக்கிழமை சோறு தொட மாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள். அவள் அதைச் சொன்ன அன்று உண்மையைச் சொல்ல எனக்கு வாய் திறந்தது. அத்தான் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி என்னை வெளியே அனுப்பினார்.

டிரைவருக்கு இன்னொரு வண்டி கிடைக்கும் என்ற என் கணக்கு பொய்த்தது. முதலாளியையும் முதலாளி அம்மாவையும் பள்ளத்தில் இறக்கியவர் என்ற பேச்சு அவருக்கு முன்னால் எல்லா வாசலுக்கும் போய்விட்டது. நானும் இரண்டு மூன்று இடத்தில் சொல்லிப் பார்த்தேன். என்ன காரணமென்று கேட்டால் உண்மையைத் தவிர எல்லாம் சொன்னேன். நல்ல மனுஷன்தான், ஆனா, என்று இழுப்பார்கள். அந்த 'ஆனா'வை நான்தான் செய்து கொடுத்திருந்தேன். அடுத்த மழைக்காலத்துக்கு முன் அத்தான் தோல் கிடங்குக்குப் போகத் தொடங்கினார். உப்புத் தோல் கட்டுகளைத் தலையில் வைத்து இறக்குகிற வேலை. அந்த வாசனை குளித்தாலும் போகாது. குழாயடியில் யாரும் கேலி பேசவில்லை, அதுதான் பெரிய கேலியாக இருந்தது.

என் வொர்க்ஷாப் வளர்ந்தது. கான்டிராக்டர் ஜீப்பை என்னிடமே விட்டார், தெரிந்தவர்களையும் அனுப்பினார். பக்கத்துக் கொட்டகையையும் எடுத்தேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் தாராவிப் பக்கம் போகாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். மற்ற நாள்களிலும் போவது குறைந்தது.

ஐந்தாறு வருஷம் கழித்து, ஜீப்பை விற்கப்போகிறேன், பார்த்து வை என்று கான்டிராக்டர் வந்தார். அடியில் படுத்து அந்த நட்டைத் தொட்டுப் பார்த்தேன். வெளியே வந்து, கையைக்கூடத் துடைக்காமல், அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பூஜை, பானா, விரலால் முறுக்கியது, கல் மேல் ஏறியதாக நான் சொன்னது. அத்தானை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள், என்னை வேண்டாம் என்றாலும் சரி என்றேன்.

அவர் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டார். கோபப்படவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்ப்பா. ஆயுத பூஜைக்கு வச்ச சாமானை, தசமி காலங்கார்த்தாலே கக்கத்திலே இடுக்கிண்டு செம்பூர் வரைக்கும் எவன் ஓடி வருவான்?"

பிறகு ஏன் அவரை அனுப்பினீர்கள் என்று கேட்டேன். டிரைவர் கிடைப்பான், இந்த ஓட்டை ஜீப்பைத் தெரிஞ்ச மெக்கானிக் கிடைப்பானா என்றார். அப்போது செம்பூரில் மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை இருந்ததாம். இப்போது பெரிய கார் வாங்கியாயிற்று, அதற்கு ஆளும் வைத்தாயிற்று. எல்லாரிடமும் ஒரு காரணம் சொல்லியாகிவிட்டது, இனி மாற்றிச் சொன்னால் தான் என்ன ஆவது என்றார். காப்பி வரவழைக்கச் சொன்னார். வரவழைத்தேன்.

அன்றைக்கே தோல் கிடங்கு வாசலில் போய் நின்றேன். அத்தான் தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கான்டிராக்டரிடம் சொல்லிவிட்டதைச் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார், யாரோ ஒருவருடைய வழக்கைக் கேட்கிற மாதிரி. அக்காவிடம் இன்றைக்குச் சொல்லப்போகிறேன் என்றதும்தான் நின்றார்.

"வேண்டாம்லே" என்றார். "எத்தனை வெள்ளிக்கிழமை ஆச்சு தெரியுமா ஒனக்கு? அத்தனையும் வெறும் பட்டினின்னு அவகிட்ட நீ சொல்லப் போறியா?"

என் வொர்க்ஷாப்பில் நிற்கிற ஏதாவது ஒரு வண்டியை வாசல் வரைக்கும் ஓட்டுங்கள், வேண்டுதலாவது முடியட்டும் என்று கெஞ்சினேன். அதுக்குப் பேரு ஸ்டியரிங் பிடிக்கிறதா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே என்னிடம் தெரிந்துகொள்ளக் கேட்கிற மாதிரி கேட்டார். வா, வந்ததுதான் வந்தே, சாப்பிட்டுப் போ என்று முன்னால் நடந்தார்.

சந்துக்குள் நுழைந்த பிறகுதான் அன்று வெள்ளிக்கிழமை என்பது உறைத்தது. திரும்பிவிடலாமா என்று நினைப்பதற்குள் அக்கா பார்த்துவிட்டாள். இத்தனை நாள் கழிச்சு வழி தெரிஞ்சுதா என்று ஏசிக்கொண்டே தட்டைக் கழுவினாள். எனக்கும் அத்தானுக்கும் சோறு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, விசிறியால் எங்களுக்கு வீசிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. கழுத்து எலும்பு தெரிந்தது. அத்தான் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

நான் பாதியில் நிறுத்தினேன். அவள் கரண்டியை எடுத்துவிட்டாள்.

"ஏன்லே அளைஞ்சுக்கிட்டு இருக்கே? புளி ஜாஸ்தியா? ருசி பாக்காம வச்சேன், இன்னைக்கு."

இல்லை, சரியாக இருக்கிறது என்றேன். அவள் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். அதையும் சாப்பிட்டேன்.